சுண்ணாம்பு தடவாத கலயம்

பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைச் சொல்லும் இடத்தில் ஒரு மது வடிக்கும் முறை வருகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் கொட்டி ஆறவைக்கிறார்கள். புற்றுக்குள் இருக்கும் குரும்பியைப் போன்ற ஓர் அடையை அதில் பிசைகிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் நன்றாக விளைந்ததை விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். இன்றைய நுண்ணுயிரியல் மாணவர் ஒருவர் இதைப் படித்தால் ஒவ்வொரு படிக்கும் காரணம் சொல்லிவிடுவார். அரிசியில் இருப்பது மாவு. ஈஸ்ட் மாவைத் தின்னாது. மாவை முதலில் சர்க்கரையாக உடைத்துத் தரவேண்டும். அந்த வேலையைச் செய்வது அடை. சூடு ஆறாமல் அடையைப் போட்டால் அதிலிருக்கும் உயிர்கள் செத்துப்போகும். அதனால்தான் ஆறவைக்கும் படியைப் புலவர் விடாமல் சொல்லியிருக்கிறார்.

பனங்கள்ளுக்கு இப்படி ஒரு செய்முறை கிடையாது. வேகவைப்பதில்லை, அடை சேர்ப்பதில்லை, நாள் குறித்து மூடிவைப்பதில்லை. பனை தருவதே சர்க்கரைத் தண்ணீர். அது கலயத்தில் சொட்டத் தொடங்கும்போதே புளிக்கவும் தொடங்கிவிடுகிறது. மனிதன் ஒன்றும் செய்யாமலிருந்தால் போதும், கள் ஆகிவிடும். ஆகவே கள் எப்படி உண்டாகிறது என்று கேட்டால் இரண்டு காரியங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மரத்திலிருந்து சாற்றை வரவழைப்பது ஒன்று, வந்த சாற்றைப் புளிக்க விடுவதா வேண்டாமா என்பது மற்றொன்று. கைத்திறமை, உழைப்பு, உயிராபத்து எல்லாம் முதலாவதில் இருக்கின்றன. நூற்றைம்பது ஆண்டு காலச் சட்டமும் வரியும் அரசியலும் இரண்டாவதைச் சுற்றியே நடந்திருக்கின்றன. பனங்கள் பற்றிய வாதங்களில் பெரும்பாலும் இந்த இரண்டாவதை மட்டும் பேசிவிட்டு மரத்தடியை விட்டுப் போய்விடுகிறோம்.

பனையில் ஆண் வேறு, பெண் வேறு. விதை ஊன்றிப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள், சில மண்ணில் இருபது ஆண்டுகள்கூடக் கழித்துப் பாளை விட்ட பிறகுதான் எது எதுவென்று தெரியும். ஆண் பனையை அலகுப் பனை என்பார்கள். அதன் பாளை விரல் விரலாகக் கிளைத்து நீளும். பெண் பனையின் பாளையில் குரும்பை பிடித்து நுங்காகும். இரண்டிலும் சாறு எடுக்கலாம். பெண் பனையில் பாளையைச் சீவினால் அந்தப் பாளையில் நுங்கு கிடையாது, பனம்பழம் கிடையாது, அடுத்த தலைமுறைக்குக் கொட்டையும் கிடையாது. காய்க்குப் போக வேண்டிய சர்க்கரையைத்தான் வழிமறித்து எடுக்கிறோம். தை, மாசியில் பாளை தள்ளத் தொடங்கினால் ஆனி, ஆடி வரைக்கும் வேலை. தாமிரவருணிக்குத் தெற்கே தேரிக்காட்டிலும், இராமநாதபுரத்துக் கடற்கரையிலும், யாழ்ப்பாணத்திலும் மழையையும் மண்ணையும் பொறுத்து ஒரு மாதம் முன்னே பின்னே ஆகும்.

பாளையைப் பழக்குவதுதான் இந்தத் தொழிலின் நெஞ்சு. மட்டைகளுக்கு நடுவே பாளை வெளியே தலைகாட்டியதும் அதை மூடியிருக்கும் உறையை உரித்துவிடுகிறார்கள். அலகுப் பாளையானால் சில விரல்களை ஒன்றாகச் சேர்த்துப் பச்சை ஓலைக் கீற்றால் கட்டுகிறார்கள். பிறகு கடிப்பு. இரண்டு மரத்தண்டுகளை ஒரு முனையில் இணைத்துச் செய்த இடுக்கி அது. பாளையை அதன் வாய்க்குள் வைத்து அடிமுதல் நுனிவரை சிறிது சிறிதாக நகர்த்தி அழுத்த வேண்டும். உள்ளிருக்கும் மொட்டுகள் நைய வேண்டும், மேல்தோல் கிழியக் கூடாது. நையாவிட்டால் பாளை விரிந்து பூத்துவிடும், கிழிந்தால் அழுகிவிடும். இந்த அழுத்தத்தை அளக்கக் கருவி எதுவும் இல்லை. பாளை கொடுக்கும் எதிர்ப்பை வைத்துக் கைதான் முடிவு செய்கிறது. ஆண் பாளைக்கு ஒரு கடிப்பு, பெண் பாளைக்கு வேறொரு கடிப்பு. முற்றிய பாளைக்கு அழுத்தமும் வேறு. அடுத்தடுத்த நாட்கள் இப்படி இடுக்கிவிட்டு நுனியைச் சீவத் தொடங்கினால், ஒரு வாரத்துக்குள் வெட்டுவாயில் ஈரம் கசிந்து, துளியாகி, சொட்டத் தொடங்கும். அப்போதுதான் கலயம் கட்டுவார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள்கூட விடுமுறை இல்லை. காலையும் மாலையும் ஏறி, பாளை அரிவாளால் நுனியை மெல்லிசாகச் சீவியாக வேண்டும். சிலர் உச்சிவேளையிலும் ஒரு தடவை ஏறுவார்கள், சீவிவிட மட்டும். இலையில் உண்டாகும் சர்க்கரையைப் பூவுக்கும் காய்க்கும் கொண்டுபோவது புளோயம் என்னும் குழாய்த்திசு. அதன் குழாய்களுக்குள் அழுத்தம் அதிகம். எங்காவது வெட்டுப்பட்டால் மரம் சும்மா இருக்காது. காலோஸ் என்ற பொருளைக் கொண்டு குழாயின் சல்லடைத் துளைகளை அடைக்கப் பார்க்கும். அடைப்பு விழுந்த அந்த நுனியை அரிவாள் நீக்கிவிடுகிறது. மறுபடி சொட்டும், மறுபடி அடைக்கும், மறுபடி சீவுவார்கள். ஒரு பாளையை மாதக்கணக்கில் இப்படி ஓட்டவேண்டும் என்பதால் ஒவ்வொரு சீவலும் தாள் கனத்துக்கு மேல் போகக் கூடாது. கை கனத்தவனிடம் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். இரண்டு நாள் ஏறாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து பாளையே வீணாகும். பனையேறியின் வீட்டில் காய்ச்சல் வந்தாலும் சாவு விழுந்தாலும் மரம் ஏறப் பதில் ஆள் தேடுவது இதனால்தான்.

ஏறும் முறைக்கு ஊருக்கு ஊர் கொஞ்சம் வேறுபாடு உண்டு. கணுக்கால்களைப் பிணைக்கும் தளைநார் எல்லா இடத்திலும் இருக்கிறது. குமரி மாவட்டத்தில் அதைத் திளாப்பு என்பார்கள். அடிமரத்தில் முருக்குத்தடியைச் சாய்த்து அதில் மிதித்து மேலே பற்றுவதும் அங்கே வழக்கம். மார்பை மரத்தோடு அணைத்து ஏறுவதால் நெஞ்சில் தோல் தடித்துக் காய்ப்பு விழுந்திருக்கும். இடுப்பில் அரிவாள் பெட்டி, கடிப்பு, சாற்றை ஊற்றிக்கொள்ளக் குடுவை. முப்பது நாற்பது மரத்தை நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்குகிற ஆள் சாதாரணம். ஒரு மரம் எண்பது அடி என்று வைத்துக்கொண்டால் அவர் எவ்வளவு உயரம் ஏறுகிறார் என்பதை வாசகரே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். விழுந்தவர்கள் பலரும் முதுகெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்து போனவர்கள். மழை பெய்த மறுநாள் மரம் வழுக்கும். அன்றைக்கும் பாளை சீவியே ஆகவேண்டும்.

இனிக் கலயத்துக்குள் போவோம்.

பாளையிலிருந்து வந்தவுடன் சாறு தெளிவாக இருக்கும். நூற்றுக்குப் பத்து முதல் பதின்மூன்று பங்கு வரை சர்க்கரை. அதுவும் ஏறத்தாழ முழுக்க சுக்ரோஸ், கரும்புச் சர்க்கரையில் இருப்பதே. புளிப்பும் இல்லை, காரமும் இல்லை. நுண்ணுயிர்களுக்கு இதைவிட நல்ல விருந்து அமையாது. வெட்டுவாயில் தேனீயும் எறும்பும் குளவியும் பழ ஈயும் மொய்க்கின்றன. அவற்றின் காலிலும் வாயிலும் ஈஸ்ட் வருகிறது. அதைவிட முக்கியமானது கலயம். சுட்ட மண்ணின் நுண்துளைகளில் நேற்றைய கள்ளின் ஈஸ்ட் தங்கியிருக்கும். கள்ளுக்குக் கட்டும் கலயத்தை யாரும் தேய்த்துக் கழுவுவதில்லை. பழைய கலயத்தில் கள் சீக்கிரம் ஏறும், புதுக் கலயத்தில் முதல் சில நாள் சரியாக வராது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அரிசி மதுவுக்குப் பிசைந்த அடையின் இடத்தில் இங்கே பானையின் சுவர் நிற்கிறது.

முதல் சில மணி நேரம் லாக்டிக் பாக்டீரியாக்களின் ஆட்சி. அவை சாற்றைப் புளிப்பாக்குகின்றன. சில வகைகள் கொழகொழப்பும் தருகின்றன. புளிப்பு ஏற ஏறப் பல பாக்டீரியாக்கள் பின்வாங்க, புளிப்பைத் தாங்கும் ஈஸ்ட் முன்னுக்கு வருகிறது. சாக்கரோமைசீஸ் செரவீசியே என்ற இந்த ஈஸ்ட், ரொட்டியிலும் பீரிலும் வேலை செய்கிற அதே இனம். இது சுக்ரோஸை இரண்டாக உடைத்து, உடைந்ததை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. வாயு நுரைத்து எழும். கோடிக்கணக்கான ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சாற்றில் மிதப்பதால் அது பால்போல வெளுக்கிறது. கள்ளின் வெண்மை என்பது உயிர்களின் வெண்மை. வடிகட்டினால் குப்பையும் பூச்சியும்தான் போகும், வெண்மை போகாது. வடிகட்டுவதற்கும் பனையே பொருள் தருகிறது: மட்டைகளுக்கிடையே வலைபோல் இருக்கும் பன்னாடை.

கணக்குப் போட்டால் நூறு மில்லி சாற்றில் 12 கிராம் சுக்ரோஸ் முழுவதும் ஆல்கஹால் ஆனால் அளவில் 8 சதவீதம் வரும். நடைமுறையில் அவ்வளவு தேறாது. கொஞ்சம் சர்க்கரை லாக்டிக் அமிலமாகப் போகும், கொஞ்சம் மிஞ்சும், உண்டான ஆல்கஹாலில் கொஞ்சத்தை அசிட்டிக் பாக்டீரியாக்கள் வினாகிரியாக்கும். 4 முதல் 6 சதவீதம் என்பது வழக்கமான நிலை. மாலையில் கட்டி விடியலில் இறக்கிய கள் இனிப்பும் துவர்ப்புமாக இருக்கும். நடுப்பகலில் இனிப்பு குறைந்து போதை ஏறும். மறுநாள் புளித்து மூக்கைத் துளைக்கும், அதற்கு மறுநாள் ஊறுகாய்க்குத்தான் ஆகும். குடிக்கத் தகுந்த காலம் ஒரு பகலுக்கு மேல் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் வம்புகளில் பாதிக்கு இதுதான் மூலம்.

இந்த ஓட்டத்தை நிறுத்த வேண்டுமானால் கலயத்தின் உட்சுவரில் நீற்றிய சுண்ணாம்பைத் தடவினால் போதும். சாற்றில் கரைந்து அதைக் கடும் காரமாக்கிவிடும். ஈஸ்ட்டுக்கும் பாக்டீரியாவுக்கும் அந்தக் காரத்தில் பிழைப்பு இல்லை. கள்ளாகியிருக்க வேண்டிய சாறு தெளிந்த பதநீராக இறங்குகிறது. கொங்கு நாட்டில் தெளுவு, குமரியில் அக்கானி, யாழ்ப்பாணத்தில் கருப்பநீர். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே ஆள், ஒரே அரிவாள். வித்தியாசம் விரல் நுனியளவு சுண்ணாம்பு. இலங்கையில் கித்துள் மரத்துச் சாற்றுக்குச் சுண்ணாம்புக்குப் பதிலாக ஹல் மரத்துப் பட்டையைப் போடும் வழக்கம் உண்டு. பிலிப்பைன்ஸில் தென்னங்கள்ளுக்குக் கண்டல் மரப்பட்டையைப் போட்டுச் சிவப்பாக்கி வைக்கிறார்கள். சாற்றின் வேகத்தைப் பிடித்து நிறுத்துவது உலகமெங்கும் பனைக் குடும்பத்தை அண்டி வாழ்கிறவர்களின் கவலைதான்.

சுண்ணாம்பின் அளவும் சாமானியக் கணக்கல்ல. கூடிப்போனால் பதநீர் நாக்கைச் சுடும், கருப்பட்டி கறுத்துக் கசக்கும். குறைந்துபோனால் சாறு உள்ளுக்குள் புளிக்கத் தொடங்கிவிடும். பார்த்தால் தெரியாது, அடுப்பில் வைத்துக் காய்ச்சும்போது தெரியும். எவ்வளவு நேரம் கிண்டினாலும் பாகு இறுகாது. சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி கட்டியாகாமல் பிசுபிசுத்துக் கிடக்கும். ஈஸ்ட் சுக்ரோஸை உடைத்துவிட்டதால் அது படிகமாகும் தன்மையை இழந்துவிட்டது என்பது இதற்கு வேதியியல் சொல்லும் காரணம். அடுப்படியில் நிற்கும் பெண் வேறொன்றும் சொல்லமாட்டார், ஏறினவரைப் பார்த்து ஒரு பார்வை பார்ப்பார். கருப்பட்டி காய்ச்சுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. எட்டு முதல் பத்து லிட்டர் பதநீரை மணிக்கணக்கில் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி. பொங்கி வழியாமலிருக்க ஆமணக்கு முத்தை அரைத்து ஒரு சிட்டிகை போடுவார்கள். உடைமர விறகு, பனமட்டை, புகை, வெக்கை.

மதுவிலக்குக்காரர்கள் சரியாகக் கணக்கிலெடுக்காத இடம் இது என்று நினைக்கிறேன். 1934-இல் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது காந்தியும் ஜே.சி. குமரப்பாவும் பனைவெல்லத்தைக் கள்ளுக்கு மாற்றாக முன்வைத்தார்கள். கஜானன் நாயக் அதற்காகவே தம் வாழ்நாளைக் கொடுத்தார். தர்க்கம் எளியது: மரம் அதே மரம், தொழிலாளி அதே தொழிலாளி, சுண்ணாம்பைத் தடவச் சொன்னால் குடியும் ஒழியும், பிழைப்பும் போகாது. சாற்றைப் பொறுத்தமட்டில் இது முழு உண்மை. கள் இறக்கியவர் காலை எட்டு மணிக்கு மரத்தடியில் விற்றுக் காசு பார்த்துவிடுவார் என்பதையும், பதநீர் இறக்கியவரின் வீட்டில் அதற்குப் பிறகுதான் நாலு மணி நேர வேலையும் விறகுச் செலவும் தொடங்குகின்றன என்பதையும் அந்தத் தர்க்கம் கண்டுகொள்ளவில்லை. கரும்புச் சர்க்கரை மலிந்த பிறகு அந்தக் கூடுதல் உழைப்புக்குச் சந்தையில் விலையும் கிடைக்கவில்லை. தேரிக்காட்டில் கருப்பட்டி நிலைத்ததற்குக் காரணம் அங்கே அது முதலிலிருந்தே முதல் தொழிலாக இருந்ததுதான். ராபர்ட் கால்டுவெல் 1849-இல் திருநெல்வேலிப் பனையேறிகளைப் பற்றி எழுதிய சிறு நூலும் கள்ளைவிடப் பதநீரையும் கருப்பட்டியையும் நம்பிய ஒரு வாழ்க்கையையே காட்டுகிறது. பனையேறிகள் என்றாலே கள் இறக்குகிறவர்கள் என்ற எண்ணம் பிற்காலத்தது, பெரும்பாலும் வெளியூர்க்காரர்களுடையது.

சுண்ணாம்பைச் சட்டத்துக்குள் முதலில் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். சென்னை மாகாணத்தின் 1886-ஆம் ஆண்டு ஆப்காரி (மதுவரி) சட்டத்தின்கீழ் மரவரி வந்தது. கள்ளுக்காகச் சீவும் ஒவ்வொரு மரத்துக்கும் அடையாளம் போட்டு வரி வாங்கினார்கள். கருப்பட்டிக்காகச் சுண்ணாம்பு தடவிய கலயம் கட்டிய மரத்துக்கு வரி இல்லை. அதாவது ஒரு மரம் வரி கட்ட வேண்டுமா வேண்டாமா என்பது கலயத்தின் உட்சுவரில் எழுதியிருந்தது. அதைப் படிக்க ஆப்காரிச் சேவகர் எண்பது அடி ஏறவேண்டும், அல்லது ஏறுகிறவரின் வார்த்தையை நம்பவேண்டும், அல்லது காசு வாங்கிக்கொண்டு நம்பவேண்டும். மூன்றாவது முறை எவ்வளவு பரவலாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள்ளுக்கடைக் குத்தகையிலும் மரவரியிலும் வந்த வருமானம் போனதால் ஏற்பட்ட பள்ளத்தை நிரப்ப 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இன்றைக்கு நாம் கடையில் கட்டும் வரிக்கு ஒரு பாட்டன் பனைமரத்தடியில் இருக்கிறான். 1948-இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-இல் திமுக அரசு கடைகளைத் திறந்தது, 1974-க்குள் மூடியது. 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி மறுபடி திறந்தது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது. 1987 தொடக்கத்தில் கள்ளும் சாராயமும் தடைசெய்யப்பட்டன. ஆலையில் தயாராகும் மதுவகைகள் தொடர்ந்தன. அந்த நிலைதான் கள்ளைப் பொறுத்தவரை இன்றுவரை. 4, 5 சதவீத ஆல்கஹால் உள்ள, ஆலை தேவைப்படாத பானம் குற்றம். 42 சதவீதத்தை ஒட்டிய பிராந்தி, 2003 முதல் அரசே சில்லறையில் விற்பது. இதற்குப் பொதுநலக் காரணம் சொல்லி நான் கேட்டதுண்டு, கேட்டு நம்பியதில்லை. ஆலையின் வாசலில் ஒரு மீட்டர் வைத்து வரி வாங்கலாம், லட்சக்கணக்கான மரங்களின் உச்சியில் மீட்டர் வைக்க முடியாது. 1886-இன் சேவகர் பட்ட அதே பாடுதான்.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் கதை வேறு வழியில் போனது. யாழ்ப்பாணத்தில் கள் சட்டபூர்வமானது. தவறணைகள் என்னும் கள்ளுக்கடைகளில் விற்கிறது; பழைய நாட்களில் பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் ஊற்றிக் குடித்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் சீவல் தொழிலாளர்களைக் கொண்ட பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன. தவறணைகள் அவற்றின் கைக்கு வந்தன. சீவுகிறவர் காலையில் முட்டியை இறக்கிச் சங்கத்தில் அளந்து கொடுத்துவிட்டுப் போகலாம். 1978-இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது. குடித்து மிஞ்சிய கள்ளுக்கு என்ன வழி என்ற கேள்விக்கு மூன்று விடைகள் கண்டார்கள். ஒன்று, சூடாக்கி ஈஸ்ட்டைக் கொன்று போத்தலில் அடைப்பது. இது கடல் கடந்து புலம்பெயர்ந்த தமிழர்களின் கடைகளுக்கும் போகிறது. இரண்டு, வினாகிரி. மூன்று, வடிப்பது, வடமராட்சியில் திக்கம் வடிசாலை இதற்காகவே ஏற்பட்டது. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகவும் காவலரண்களுக்காகவும் எண்ணற்ற பனைகள் தறிக்கப்பட்டன. சீவுகிறவர்களும் இடம்பெயர்ந்து சிதறினார்கள். அமைப்பு மட்டும் தப்பிப் பிழைத்தது.

யாழ்ப்பாணத்தை உதாரணம் காட்டும்போது அங்கே இந்தத் தொழில் யார்மீது சுமத்தப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். கள்ளை வாங்கிக் குடித்த வீடுகள், அதை இறக்கியவர்களைக் கிணற்றில் தண்ணீர் அள்ள விடவில்லை, கோயிலுக்குள் விடவில்லை. 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த போராட்டம் அதற்கு எழுந்த எதிர்ப்பின் ஓர் உச்சம். கே. டானியலின் நாவல்கள் இந்த உலகத்திலிருந்து வந்தவை. கூட்டுறவுச் சங்கம் சீவுகிறவருக்குக் கொடுத்தது நல்ல விலை மட்டுமல்ல. வாங்குகிறவரின் முற்றத்தில் போய் நிற்காமல் விற்கும் வசதியையும் கொடுத்தது. இந்த வரலாறு தெரியாமல் கள்ளைத் தமிழனின் தொன்மைப் பானம் என்று மேடையில் தூக்கிப்பிடிக்கும்போது கொஞ்சம் கூசுகிறது.

வடிப்பதைப் பற்றிச் சில வரிகள். கள்ளைச் சூடாக்கினால் தண்ணீருக்கு முன்னால் ஆல்கஹால் ஆவியாகும். அதன் கொதிநிலை 78 டிகிரியை ஒட்டியது. ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தால் செறிவு கூடிய சாராயம். செப்புப் பாத்திரத்தில் ஒரு தடவை வடித்தால் போதாது, வடித்ததை மறுபடி வடிக்கவேண்டும். இலங்கையின் தென்னஞ்சாராயத்தை ஹல்மில்ல மரப் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் வைத்து நிறமும் மணமும் ஏற்றுகிறார்கள். இங்கேதான் மனிதன் ‘தயாரிக்கிறான்’. தீ, பாத்திரம், குழாய், பொறுமை எல்லாம் வேண்டும். சாராயம் கெடுவதில்லை, ஆகவே சேர்த்துவைக்கலாம், தூரத்துக்கு அனுப்பலாம், பெருமுதலாளி ஆகலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையில் சாராயக் குத்தகை எடுத்தவர்கள் எப்படிப் பெருஞ்செல்வர்களானார்கள் என்பதைக் குமாரி ஜெயவர்த்தன விரிவாக எழுதியிருக்கிறார். கள் இறக்கிப் பெருஞ்செல்வரானவர் எவருமில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்தபோது, கள்ளைத் திறந்திருந்தால் இது நடந்திருக்குமா என்ற கேள்வி மீண்டும் எழுந்தது. அங்கே மக்களைக் கொன்றது மெத்தனால். பெக்டின் நிறைந்த பழங்களைப் புளிக்கவைத்தால் மெத்தனால் கொஞ்சம் உண்டாகும். பனஞ்சாற்றில் அதற்கு வழியே மிகக் குறைவு. கள்ளக்குறிச்சியில் விற்றது எதையும் புளிக்கவைத்து வடித்ததல்ல, ஆலைப் பயன்பாட்டுக்கான மெத்தனால் கலந்த நஞ்சு. ஆகவே கள் அந்த நஞ்சுக்கு உறவல்ல என்பது சரி.

கள்ளில் கலப்படம் நடக்காது என்று சொன்னால் அது பொய். தெலங்கானாவில் குளோரல் ஹைட்ரேட்டும் டயஸெபாம், அல்பிரசோலம் போன்ற மாத்திரைப் பொடிகளும் கலந்த கள்ளால் ஆட்கள் மருத்துவமனைக்குப் போவது பழைய செய்தி. கேரளத்திலும் கலப்பட வழக்குகளுக்குக் குறைவில்லை. இதற்குக் காரணம் கள்ளின் இயல்பிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு மரம் நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர், நல்ல மரமானால் கொஞ்சம் கூடுதல், அதுவும் பருவத்தில்தான், அதுவும் ஒரு பகலுக்குள் தீர்ந்தாக வேண்டும். கடை என்பதோ ஆண்டு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், மாலை ஏழு மணிக்கு வருகிறவருக்கும் காலையில் குடித்தவருக்குக் கிடைத்த அதே ஏற்றம் கிடைக்க வேண்டும். மரத்தின் கணக்கும் கடையின் கணக்கும் ஒத்துப்போகாத இடத்தில் தண்ணீரும் சாக்கரினும் மாத்திரையும் நுழைகின்றன. கேரளத்துக் கள்ளுக்கடைகளுக்கான கள்ளில் பெரும்பகுதி பாலக்காட்டுச் சித்தூர்த் தோப்புகளிலிருந்து, பொள்ளாச்சிக்குக் கூப்பிடு தூரத்திலிருந்து, வண்டியேறித் திருவனந்தபுரம் வரைக்கும் போகிறது. அவ்வளவு தூரம் போகும் கள் வழியெல்லாம் புளித்துக்கொண்டே போகிறது. கேரள அரசு தென்னங்கள்ளுக்கு 8.1 சதவீதம், பனங்கள்ளுக்கு 5.2 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. காலையில் சோதித்தால் வரம்புக்குள் இருக்கும் கலயம் மாலையில் யாரும் எதையும் கலக்காமலே வரம்பைத் தொடக்கூடும்.

தமிழ்நாட்டில் கள் இயக்கத்தார் கேட்பது தடையை நீக்கவேண்டும் என்பது. நீக்கலாம் என்பதே என் கட்சியும். கடை வைத்து ஏலம் விட்டு, ஆண்டு முழுக்கச் சரக்கு கிடைக்கவேண்டும் என்ற பழைய ஏற்பாட்டோடு நீக்கினால் 1981-க்கும் 1987-க்கும் இடைப்பட்ட காலத்தைத்தான் மறுபடி பார்ப்போம். இறக்கியவரே இறக்கிய ஊரில் மரத்தடியிலோ சங்கத்திலோ நண்பகலுக்குள் விற்கலாம், பருவம் முடிந்தால் விற்பனையும் முடிந்தது, வெளியூருக்கு வண்டியேற்றக் கூடாது என்று வைத்தால் கலப்படத்துக்கு இடமும் இல்லை, லாபமும் இல்லை. அதில் அரசுக்கு வருமானமும் பெரிதாக இராது. ஆகவே நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கு அதிகமில்லை.

விற்காமல் மிஞ்சினால் என்ன செய்வது என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில் அப்பத்துக்கு மாவைப் புளிக்கவைக்கக் கள்ளை ஊற்றுவார்கள். அதற்கு ஒரு பங்கு போகும். மீதி இரண்டு மூன்று வாரத்தில் நல்ல வினாகிரி ஆகும், ஊறுகாய் போடுகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். இன்றைய தமிழ்நாட்டில் அதையும் நினைத்தபடி செய்துவிட முடியாது. சாறு வினாகிரி ஆவதற்குமுன் இடையில் ஒரு பகலாவது கள்ளாக இருந்தாக வேண்டும், அந்த ஒரு பகலில் அதை வைத்திருப்பவர் குற்றவாளி.